உழைப்பின் பொருளும் பயனும்: ராச்டேல் தொழிலாளர் கற்பித்த பாடம்

உழைப்பு என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் கிராமவாசியின் மனக்கண்முன் தோன்றுவன ஏரும் மண்வெட்டியுமே. கோழி கூவுமுன் எழுந்து, மாட்டை ஓட்டிச் சென்று, வெயில் ஏறும்வரை உழுது, கஞ்சி குடித்தபின் வரப்பு வெட்டி, பொழுது சாயும்வேளையில் வீடு திரும்புகிறவனையே உழைப்பாளி என்று ஊரார் கூறுவர். அது முற்றிலும் பொருத்தமானதே. ஆயினும், அத்தகைய உழைப்பாளிகளுள் பலர் ஆயுள் முழுவதும் கடனில் மூழ்கியிருப்பதையும், களத்துமேட்டிலிருந்து நெல் வீட்டுக்கு வருமுன்னரே வட்டிக்காரன் வாயிலில் வந்து நிற்பதையும் காண்கிறோம். உடல் வருந்தி உழைப்பதே செல்வத்துக்குப் போதுமான காரணமாயின், கிராமங்களில் வறுமை என்னும் சொல்லே வழங்கியிராது.

ஆகவே, உழைப்பு என்பதன் முழுப்பொருள் யாது, எவ்வகை உழைப்பு பயன் தரும், எவ்வகை உழைப்பு விழலுக்கு இறைத்த நீராகும் என்பவற்றை ஐக்கிய சங்கத்து அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஆராய்ந்து அறிதல் அவசியம். இதனை விளக்குவதற்கு இங்கிலாந்து தேசத்தில் ராச்டேல் என்னும் ஊரில் 1844-ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு சிறு முயற்சியின் சரித்திரத்தைக் காட்டிலும் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது. உலகெங்கும் கூட்டுறவு இயக்கத்தைச் சார்ந்தோர் அம்முயற்சியைத் தங்களுக்கு முன்மாதிரியாகக் கொண்டுள்ளனர்.

1. வருந்தி உழைத்தும் வறுமை நீங்காமை

ராச்டேல் என்பது அக்காலத்தில் லங்காஷையர் மாகாணத்தைச் சார்ந்திருந்த, மாஞ்செஸ்டர் நகரத்துக்கு வடக்கே அமைந்த ஊர். பிளானல் என்னும் கம்பளித் துணி நெய்தலுக்குப் பெயர் பெற்றது. அவ்வூரார் தலைமுறை தலைமுறையாகக் கைத்தறியில் வல்லவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் யந்திரத் தறிகள் பெருகவே, கைத்தறிக்காரரின் கூலி ஆண்டுதோறும் குறைந்துவந்தது. கூலி குறையக் குறைய, அவர்கள் தறியில் அமரும் நேரத்தை மிகுதிப்படுத்தினர். நேரம் மிகுந்ததேயன்றி வருமானம் மிகவில்லை. 1840-ஆம் ஆண்டை அடுத்த சில ஆண்டுகள் ஆங்கில நாட்டு ஏழைகளுக்குப் பசியாண்டுகளாகவே கழிந்தன. கூலியுயர்வு வேண்டி ராச்டேல் நெசவாளர் செய்த வேலைநிறுத்தமும் வெற்றி பெறவில்லை.

இந்நிலையில் அவர்களை வாட்டிய கொடுமை மற்றொன்றும் உண்டு. கையில் ரொக்கமின்மையால் அவர்கள் மளிகைக் கடைகளில் கடனுக்கே சாமான் வாங்கினர். கடன் வாங்கியவன் விலையைக் குறித்தோ தரத்தைக் குறித்தோ வாய் திறக்க இயலாதன்றோ? மாவிலும் ரொட்டியிலும் படிக்காரம் சேர்ப்பதும், தேயிலையுடன் வேறு இலைகளைக் கலப்பதும் அக்காலத்து வியாபாரிகளிடையே சர்வசாதாரணம். இக்கலப்படத்தின் அளவை ஆர்தர் ஹில் ஹாசல் என்னும் வைத்தியர் 1851 முதல் 1854 வரையில் பூதக்கண்ணாடி கொண்டு சோதித்து, லான்செட் என்னும் வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார். அதன் விளைவாக 1860-இல் கலப்படத் தடைச் சட்டம் ஒன்று இயற்றப்பெற்றது. ராச்டேல் தொழிலாளர் கடை வைத்த 1844-இலோ அத்தகைய சட்டம் இல்லை.

இதிலிருந்து பெறும் முதற்பாடம் தெளிவானது. வறுமைக்குக் காரணம் எப்பொழுதும் சோம்பலே என்று கூறுவது நியாயமன்று. ராச்டேல் நெசவாளரைச் சோம்பேறிகள் என்று எவரும் கூறத் துணியார். அவர்களுடைய உழைப்பு சிதறிக் கிடந்தது. ஒருவன் ஈட்டியது கடன்காரனுக்கும், கலப்படக்காரனுக்கும், குறைந்த எடைக்குமாகக் கசிந்துபோயிற்று. கரையில் நண்டுவளை உள்ள வயலுக்கு எத்தனை இறைவை நீர் இறைத்தாலும் பயிருக்குச் சேர்வது சிறிதே. அவ்வளைகளை அடைப்பதும் உழைப்பின் ஒரு பகுதி என்று அவர்கள் உணர்ந்த நாள் முதற்கொண்டே அவர்களுக்கு நற்காலம் பிறந்தது.

2. முதல் முயற்சி ஏன் முறிந்தது

1844-இல் தோன்றியதே அவ்வூரின் முதற் கூட்டுறவுக் கடை என்று பலர் கருதுவர். அஃது உண்மையன்று. 1833-ஆம் ஆண்டிலேயே டோட் லேன் என்னும் அதே வீதியில் தொழிலாளர் சிலர் ஒரு பண்டகசாலை திறந்தனர். அவர்களிடத்தில் ஆர்வத்துக்குக் குறைவில்லை; நல்லெண்ணத்துக்கும் குறைவில்லை. எனினும் அது 1835-இல் மூடப்பட்டது. அங்கத்தினருக்குக் கடன் கொடுத்ததே அதன் வீழ்ச்சிக்குக் காரணமாயிற்று. அண்டைவீட்டான் கேட்கும்பொழுது இல்லையென்று சொல்ல மனம் வராமல் கொடுத்த கடன், வசூலாகாத பாக்கியாக நின்று, முதலையே விழுங்கிவிட்டது.

இரக்கத்தால் வாய்தா கொடுத்து, தாட்சண்யத்தால் வசூலைத் தள்ளிவைத்து, இறுதியில் சங்கம் முழுவதும் நொடித்துப்போகும் கதை ராச்டேலுக்கு மட்டும் உரியதன்று. அத்தாட்சண்யம் இரக்கம் போலத் தோன்றினும், தவணை தவறாமற் செலுத்திய ஏழைகளின் பணத்தைத் தவறியவர்களின்பொருட்டு இழப்பதேயாகும்.

அம்முயற்சியில் பழகியவர்களுட் சிலர் பத்தாண்டுகளுக்குப்பின் மீண்டும் கூடினர். தோல்வியுற்றதை வெட்கப்பட்டு மறைக்காமல், எவ்விடத்தில் தவறினோம் என்று ஆராய்ந்து, அத்தவறு மறுபடி நேராதபடி விதி வகுத்தனர். தோற்ற காரியத்தை மீண்டும் எடுத்துச் செய்வது ஊக்கம். தோல்வியின் காரணத்தை அறிந்து செய்வது விவேகம். திருக்குறளில் மடியின்மைக்கும் ஆள்வினையுடைமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்ததோடு, தெரிந்து செயல்வகை, காலமறிதல் என்பவற்றுக்கும் வெவ்வேறு அதிகாரங்கள் அமைந்திருத்தல் இங்கு நினைக்கத்தக்கது.

3. இருபத்தெட்டு பவுன் முதல்

இரண்டாம் முறை கூடியவர் 28 பேர் என்பது வழக்கு. அவர்கள் அனைவரும் நெசவாளரல்லர். செருப்புத் தைப்பவர், தையற்காரர், தச்சர் முதலியோரும் அவர்களிடை இருந்தனர். ஆளுக்கு ஒரு பவுன் பங்கு என்பது ஏற்பாடு. அக்காலத்தில் ஒரு பவுனுக்கு 240 பென்ஸ். வாரத்துக்கு 2 பென்ஸ் வீதம் சேர்க்கத் தொடங்கினர். அவ்வீதத்தில் ஒரு பங்குக்கு 120 வாரங்கள், அதாவது இரண்டு ஆண்டுகளுக்குமேல் ஆகும். ஆகவே பின்னர் வாரத்துக்கு 3 பென்ஸ் என உயர்த்திக்கொண்டனர். வீட்டில் அடுப்பெரிப்பதே அரிதாயிருந்த காலத்தில், வாரந்தோறும் வீடுவீடாகச் சென்று அச்சில்லறையை வசூலித்தவர்களின் நடையையும் உழைப்பென்றே கணக்கிடல் வேண்டும்.

1844 அக்டோபர் 24-இல் அவர்களுடைய சங்கம் சட்டப்படி பதிவு செய்யப்பெற்றது. டோட் லேனில் பழைய கிடங்கு ஒன்றின் கீழ்த்தளத்தை ஆண்டுக்கு 10 பவுன் வாடகைக்குப் பிடித்து, டிசம்பர் 21-ஆம் தேதி இரவு கடையைத் திறந்தனர். அங்கு இருந்த சரக்குகள் வெண்ணெய் 28 ராத்தல், சர்க்கரை 56 ராத்தல், கோதுமை மாவு 6 அந்தர், ஓட்ஸ் மாவு ஒரு மூட்டை, சில மெழுகுவர்த்திகள் ஆகியவையே. இவற்றின் மொத்தக் கிரயம் 16 பவுன் 11 ஷில்லிங் 11 பென்ஸ். வீதியிற் கூடிய சிறுவர் எள்ளி நகைத்தனர். கடைக்காரர்களோ, ஒரு தள்ளுவண்டியில் அச்சரக்கு முழுவதையும் ஏற்றிச் சென்றுவிடலாம் என்று பரிகாசம் செய்தார்கள் என்பர்.

பரிகாசத்துக்குப் பதில் சொல்வதில் அவர்கள் பொழுதை வீணாக்கவில்லை. பகல் முழுவதும் தத்தம் தொழிலில் உழைத்து, மாலையில் கடையில் வந்து நின்று, எடை போட்டு, பணம் வாங்கி, கணக்கு எழுதினர். தொடக்கத்தில் வாரத்தில் சில மாலைகளில் மட்டுமே கடை திறந்திருந்தது. அறிவித்த வேளையில் தவறாது திறந்து, அறிவித்த வேளையில் மூடினர்.

4. பயன் தரும் உழைப்பின் ஐந்து அங்கங்கள்

ராச்டேல் சங்கத்தின் நடைமுறையைக் கூர்ந்து நோக்குமிடத்து, பயனுள்ள உழைப்புக்கு ஐந்து அங்கங்கள் உண்டென்பது விளங்கும்.

முதலாவது, காலந்தவறாமை. சங்கத்தின் நிர்வாகிகள் வாரந்தோறும் கூடுவதென்று விதி இருந்தது. வராதவருக்கு அபராதமும் உண்டு. ஒருவர் தாமதிப்பதால் காத்திருக்கும் மற்றப் பதின்மரின் பொழுது வீணாகிறது. அப்பொழுதும் தொழிலாளியின் செல்வமே. நாற்று முற்றிய பின் நடுவதாற் பயனில்லை என்பதை அறிந்த விவசாயிக்குக் காலத்தின் அருமையைப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை. அவ்வறிவை வயலோடு நிறுத்தாமல் சங்கக் கட்டடத்துக்கும் கொண்டுவருதல் வேண்டும்.

இரண்டாவது, அளவும் தரமும். கலப்படமற்ற சரக்கு, குறைவற்ற எடை என்னும் இரண்டையும் அவர்கள் தம் கடையின் உயிராகக் கொண்டனர். விற்பவனும் வாங்குபவனும் ஒரே கூட்டத்தாராயிருத்தலின், ஏமாற்றுவது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதாகும் என்பதை உணர்ந்தனர்.

மூன்றாவது, கணக்கின் தெளிவு. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பொதுக்கூட்டம் கூட்டி, வரவு செலவு அனைத்தையும் அங்கத்தினர் முன்னிலையில் வைத்தனர். எவ்வளவு பங்கு வைத்திருப்பினும் ஒருவருக்கு ஒரு வாக்கே. பெண்களும் அங்கத்தினராகச் சேர்ந்து வாக்களிக்க இடமிருந்தது. செய்த வேலையைப் பிறர் பார்க்கும்படி செய்வதில் கூச்சப்படாதவனே நேர்மையான உழைப்பாளி.

நான்காவது, தன்னடக்கம். கடனுக்கு வாங்குவதுமில்லை, கடனுக்கு விற்பதுமில்லை என்பது அவர்களுடைய கண்டிப்பான விதி. இவ்விதியை மீறும் உத்தியோகஸ்தர் 10 ஷில்லிங் அபராதம் செலுத்துவதோடு பதவியையும் இழப்பார் என வகுத்தனர். 1835-இன் தோல்வியைக் கண்டவர்கள் இவ்விதியைத் தளர்த்த எவ்வாறு இசைவர்?

ஐந்தாவது, தொடர்ச்சி. ஒரு நாளைய உற்சாகத்தில் பத்து நாள் வேலையைச் செய்துவிட்டுப் பின்னர் ஓய்ந்துபோதல் உழைப்பாகாது. திருவிழாவன்று ஊர் கூடித் தேரை நிலைக்குக் கொண்டுவருவது பெருங்காரியமே. ஆனால் ஆண்டு முழுவதும் தேருக்கு எண்ணெயிட்டு, சக்கரத்தைச் சோதித்து, வடத்தை மழையில் நனையாமற் காப்பவன் இல்லையேல், திருவிழாவன்று தேர் நகராது. சங்கத்தின் வாழ்வு திருவிழாக்களால் ஆவதன்று. இத்தகைய தினசரிக் காவலால் ஆவது.

5. எண்கள் கூறும் கதை

இவ்வைந்து அங்கங்களும் பொருந்திய உழைப்பின் பயனை அவர்களுடைய ஏடுகளே கூறுகின்றன. 1844-இல் அங்கத்தினர் 28, முதல் 28 பவுன். 1845-இல் அங்கத்தினர் 74, முதல் 181 பவுன், வியாபாரம் 710 பவுன், மிகுதி 22 பவுன். 1848-இல் அங்கத்தினர் 140, முதல் 397 பவுன், வியாபாரம் 2,276 பவுன். 1850-இல் அங்கத்தினர் 600, முதல் 2,289 பவுன், வியாபாரம் 13,179 பவுன், மிகுதி 880 பவுன்.

முதல் நான்கு ஆண்டுகளில் வளர்ச்சி மெதுவாகவே இருந்தமை கவனிக்கத்தக்கது. விதை முளைக்கும் காலத்தில் வயல் வெறுமையாகவே தோன்றும். அப்பொழுது பொறுமையிழந்து உழுதுவிடுகிறவன் அறுவடை காண்பதில்லை.

1849-ஆம் ஆண்டில் அங்கத்தினர் தொகை 140-இலிருந்து 390-ஆகத் திடீரென உயர்ந்தது. அதன் காரணம் யாதெனில், அவ்வாண்டில் ராச்டேல் சேமிப்புப் பாங்கி நாணயம் கெட்டு முறிந்தது. சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை இழந்த ஏழைகள் தங்கள் எஞ்சிய காசை எங்கே வைப்பதென்று திகைத்தனர். ஐந்தாண்டுகளாக ஊரார் கண்முன் எடை குறையாமல், கணக்கு மறைக்காமல் நடந்துவந்த சிறு கடை அவர்கள் நினைவுக்கு வந்தது. மாலைதோறும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எழுதப்பட்ட கணக்கு வரிகள் ஒவ்வொன்றும் அச்சோதனைக் காலத்தில் நம்பிக்கையாக விளைந்தன.

மிகுதிப் பணத்தைப் பகிர்ந்த விதமும் அறியத்தக்கது. முதலுக்கு ஒரு வரையறைக்குட்பட்ட வட்டியை மட்டுமே தந்தனர். தொடக்கத்தில் அது நூற்றுக்கு 3½ வீதம். எஞ்சியதை, அவரவர் கடையில் வாங்கிய சரக்கின் மதிப்புக்கேற்பப் பகிர்ந்தளித்தனர். பின்னர், மிகுதியில் நூற்றுக்கு 2½ பாகத்தைக் கல்விக்கென ஒதுக்கி, வாசகசாலையும் புஸ்தகசாலையும் நடத்தினர். உழைப்பாளியின் பிள்ளை எழுத்தறிவின்றி நின்றால், தந்தை கட்டிய சங்கத்தை நாளை எவர் நடத்துவர் என்னும் கவலையே இதற்குக் காரணம்.

6. இடையூறுகளும் ஒரு குறையும்

அவர்களுடைய பாதை முழுவதும் செம்மையாகவே இருந்ததெனக் கொள்ளலாகாது. 1850-இல் அங்கத்தினருக்கு நல்ல மாவு கிடைக்கவேண்டுமென்று மாவு அரைக்கும் ஆலை ஒன்றுக்கெனத் தனிச் சங்கம் கண்டனர். ஆரம்பத்தில் மாவு தரம் குன்றியிருந்தது. அங்கத்தினரிற் சிலரே அதை வாங்காமல் வெளிக்கடைகளுக்குச் சென்றனர். நஷ்டம் நேர்ந்தது, ஆலையை மூடிவிடலாம் என்றும் சிலர் கூறினர். ஆனால், வேலையின் குறையை நீக்காமல் நிறுவனத்தை நீக்குவது அறிவீனம் என்று வாதித்தவர்கள் வென்றனர். தவறுகள் திருத்தப்பட்டன, ஆலையும் நிலைத்து, பிற்காலத்தில் பெரிய அளவில் நடைபெற்றது.

மற்றொரு நிகழ்ச்சி வருத்தத்துக்குரியது. 1854-இல் அவர்களில் பலர் சேர்ந்து நூற்பும் நெசவும் செய்யும் தொழிற்சாலைச் சங்கம் ஒன்றை ஏற்படுத்தினர். அங்கு லாபத்தில் ஒரு பகுதியை, முதல் போட்டவர்களுக்கு மட்டுமன்றி, உழைத்த தொழிலாளருக்கும் பகிர்ந்தளிக்கும் ஏற்பாடு இருந்தது. தொழில் செழித்தது, லாபத்தை மட்டும் நாடிய புதிய பங்குதாரர் பெருகினர். 1862-இல் அவர்கள் பெரும்பான்மை வாக்கினால் தொழிலாளருக்குரிய பங்கை நீக்கிவிட்டனர்.

இந்நிகழ்ச்சி ஓர் அரிய உண்மையைப் போதிக்கிறது. உழைக்கும்படி பிறருக்கு உபதேசம் செய்வது எளிது. உழைத்தவனுக்கு உரியதைக் கொடுப்பதே கடினம். உழைப்பை மதிக்கும் சமூகம் எது என்பதை அச்சமூகத்தின் பேச்சால் அறிய முடியாது; கூலி கொடுக்கும் நாளிலேயே அறியலாம். தானே ஒருகாலத்தில் கூலிக்காரனாயிருந்தவன் பங்குதாரனான பிறகு கூலிக்காரனை மறத்தல் எங்கும் நேரக்கூடிய தீமை. கடன் நீங்கி முன்னேறிய மிராசுதாரர் தம் வயலில் நடவு நடும் பெண்களுக்கும் அறுவடை ஆட்களுக்கும் அளக்கும் மரக்காலைக் குறைப்பாராயின், அவருடைய முன்னேற்றம் கிராம முன்னேற்றமாகாது.

7. சென்னை மாகாணத்துக்கு வந்த வழி

ராச்டேலின் கீர்த்தி கடல் கடந்து பரவிற்று. சென்னை சர்க்காரின் உத்தரவுப்படி ஐரோப்பிய நாடுகளின் கிராமக் கடன் முறைகளை ஆராய்ந்த பிரடெரிக் நிக்கல்சன் துரை 1895-லும் 1897-லும் தம் அறிக்கைகளை வெளியிட்டார். ஜெர்மானிய தேசத்தில் ரெய்பெய்சன் என்பவர் 1864-இல் ஹெட்டஸ்டார்ப் என்னும் ஊரில் கண்ட கிராமக் கடன் சங்கத்தின் முறையே குடியானவருக்கு ஏற்றதென அவர் கருதினார். அதன்பின் 1904-இல் இந்தியாவில் ஐக்கிய நாணய சங்கச் சட்டம் இயற்றப்பெற்றது. அதே ஆண்டில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சார்ந்திருந்த திரூரில் கிராமக் கடன் சங்கமும், சென்னைத் திருவல்லிக்கேணியில் ராச்டேலைப் பின்பற்றிய பண்டகசாலைச் சங்கமும் தோன்றின.

இவ்விரு வழிகளும் வெவ்வேறு தேவைகளினின்று பிறந்தவையாயினும், இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. ஆஸ்தியில்லாதவனுக்கும் நாணயம் உண்டு; உழைப்பும் ஒழுக்கமுமே அந்நாணயத்துக்கு ஈடு. ஈட்டுக்கு நிலமோ நகையோ இல்லாத குடியானவனைப் பத்துப்பேர் நம்பிக் கடன் கொடுப்பது, அவன் உழைத்துத் தவணையில் திருப்புவான் என்னும் உறுதியினாலன்றோ? ஆரம்பகாலத்துக் கிராமச் சங்கங்களில் வரையறையற்ற பொறுப்பு இருந்தமையால், ஒருவனுடைய சோம்பல் மற்றவனுடைய வீட்டுக் கதவையும் தட்டியது.

8. கிராமச் சங்கத்தில் உழைப்பு எவ்வாறு விளங்கும்

மேற்கூறிய பாடங்களைக் கிராமச் சங்கத்துக்குப் பொருத்திப் பார்த்தல் வேண்டும்.

கடன் வாங்கும் அங்கத்தினரின் உழைப்பு, கடன் மனு எழுதும்பொழுதே தொடங்குகிறது. உழவு மாட்டுக்கென்று வாங்கிய பணம் கலியாணப் பந்தலுக்குச் செலவாயின், அப்பணம் உழைக்காது; உழைக்காத பணம் திரும்பியும் வாராது. வித்துக்கு வாங்கியது வித்தாகவும், எருவுக்கு வாங்கியது எருவாகவும் நிலத்திற் சேர்ந்தால்தான் அறுவடையில் அசலும் வட்டியும் விளையும்.

தவணை தவறுவதன் விளைவைச் சிறு கணக்கால் அறியலாம். ஒரு சங்கத்தில் 60 அங்கத்தினர் ஆளுக்கு 100 ரூபாய் வீதம் 6,000 ரூபாய் கடன் பெற்றனர் எனக் கொள்க. அவர்களுள் 10 பேர் மட்டும் தவணையில் செலுத்தத் தவறினால், 1,000 ரூபாய் நின்றுபோகிறது. மத்திய பாங்கிக்குச் சங்கம் செலுத்தவேண்டிய தொகை குறைவதால், அடுத்த பட்டத்துக்கு வரவேண்டிய கடன் தாமதிக்கிறது. தாமதிப்பதோ அப்பதின்மருக்கு மட்டுமன்று. ஒழுங்காகச் செலுத்திய 50 பேருக்கும் விதை வாங்கும் காலம் தவறிப்போகிறது. காலந்தவறி விதைத்த வயலின் நஷ்டத்தை எந்த ஏட்டிலும் எழுதுவதில்லை. ஆயினும் அது ஐம்பது குடும்பத்தாரின் அடுப்பிலும் தெரியும். மழை பொய்த்தமையால் செலுத்த இயலாதவனுடைய நிலைமை வேறு. அவன் வாய்தாவுக்கு முன்னரே பஞ்சாயத்தாரிடம் வந்து உண்மையைக் கூறித் தவணை நீட்டிப்புக் கேட்பது நேர்மை. ஒளிந்து திரிவதே குற்றம்.

விளைபொருளைச் சங்கத்தின் வாயிலாக விற்கும் அங்கத்தினர் தம் சரக்கின் தரத்தில் கருத்தாயிருத்தல் வேண்டும். ஈரம் உலராத நெல், மண் கலந்த நிலக்கடலை, எடை கூடுவதற்காக நனைத்த பருத்தி இவற்றை ஒருவர் கொண்டுவந்து சேர்த்தாலும், வாங்குகிற வியாபாரி அடுத்த முறை ஊர்ச் சரக்கு முழுவதற்கும் விலையைக் குறைத்துவிடுவான். நன்றாகக் காயவைத்துத் தூற்றிக் கொணர்ந்தவனுடைய உழைப்பு அயலானுடைய சிறு சூதினால் வீணாகிறது. ராச்டேல் கடையில் தராசைக் காத்தது போலவே, களத்துமேட்டில் முறத்தையும் சலிப்பையும் காத்தல் வேண்டும்.

காரியதரிசியின் வேலை மிகவும் பொறுப்பு வாய்ந்தது. வசூலான பணத்துக்கு அன்றே ரசீது கொடுத்தலும், அன்றைய வரவு செலவை அன்றே ஏட்டில் ஏற்றுதலும், கையிருப்பை இருப்புப் புஸ்தகத்தோடு ஒத்துப்பார்த்தலும் அவர் கடமை. நாளை எழுதிக்கொள்ளலாம் என்று விட்ட ஒரு வரி, நாளடைவில் சந்தேகமாகவும், சந்தேகம் பூசலாகவும், பூசல் சங்கத்தின் முறிவாகவும் மாறும். உண்மையுள்ள மனிதரும் மறதியினால் பழிக்கு ஆளாவதுண்டு. கணக்கை அன்றன்று எழுதுவது சங்கத்துக்கு மட்டுமன்றி, எழுதுகிறவருடைய மானத்துக்கும் காவலாகும்.

பஞ்சாயத்தார் தங்கள் பதவியை மரியாதைக்குரிய ஆசனமாக மட்டும் எண்ணலாகாது. கூட்டத்துக்கு வராமலே பின்னர் வீட்டிலிருந்து கையெழுத்திடுவோர், தாம் பார்க்காத வேலைக்குச் சாட்சி சொல்லுகின்றனர். கடன் பெற்றவரின் வயலை நேரிற் பார்த்தல், ஏட்டைப் புரட்டிக் கேள்வி கேட்டல், உறவினரென்று வசூலில் சலுகை காட்டாதிருத்தல் ஆகிய மூன்றும் பஞ்சாயத்தாரின் உழைப்பு.

பொதுக்கூட்டத்துக்கு வரும் சாதாரண அங்கத்தினருக்கும் வேலையுண்டு. ஆண்டுக்கணக்கு வாசிக்கப்படும்பொழுது கூர்ந்து கேட்டு, விளங்காததைக் கேட்டுத் தெளிதல் அவர் உரிமையும் கடமையுமாகும். எழுத்தறியாதவரானாலும், தாம் செலுத்திய தொகை ஏட்டில் ஏறியுள்ளதா என்று வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்பவன் இருக்கும் இடத்தில்தான் சொல்பவனும் விழிப்பாயிருப்பான்.

9. முடிவுரை

டோட் லேனில் அச்சிறு கடை இருந்த கட்டடம் 1931 முதல் காட்சிசாலையாக விளங்குகிறது. தேச தேசங்களிலிருந்தும் கூட்டுறவாளர் அங்குச் சென்று, வெண்ணெயும் மாவும் விற்ற சிறிய அறையைப் பார்த்துத் திரும்புகின்றனர். அங்கு வியக்கத்தக்க பொருள் ஒன்றுமில்லை. அசாதாரணமான மனிதர்களும் அங்கு வாழவில்லை. அவர்கள் செய்தவை யாவும் எவரும் செய்யக்கூடியவை. வாரம் மூன்று பென்ஸ் சேர்த்தல், சொன்ன வேளையில் வருதல், நிறை குறையாமல் நிறுத்தல், கடனை மறுத்தல், கணக்கைக் காட்டுதல் என்னும் இவற்றையே ஆண்டுகள் பல விடாது செய்தனர். எவரும் செய்யக்கூடியதை எந்நாளும் செய்ததே அவர்களுடைய பெருமை.

உழைப்பு என்பது உடல் வருத்தம் மட்டுமன்று. காலத்தை மதித்தல், தரத்தைக் காத்தல், கணக்கில் மறைவின்மை, வாக்குத் தவறாமை, பிறர் உழைப்புக்கு உரிய பங்கைக் கொடுத்தல் என்பன யாவும் சேர்ந்ததே உழைப்பு. இவ்வாறு உழைக்கும் கிராமத்தில் ஏரின் உழைப்பும் வீண்போகாது. ஏட்டின் உழைப்பும் வீண்போகாது.

சங்கக் கூட்டத்தில் ஆலோசிக்கத்தக்க வினாக்கள்

1. ராச்டேலில் 1833-இல் தோன்றிய பண்டகசாலை முறிந்ததற்கும், 1844-இல் தோன்றியது நிலைத்ததற்கும் காரணங்கள் யாவை?

2. சென்ற ஆண்டில் நமது சங்கத்தில் தவணை தவறிய கடன்கள் எத்தனை? அவற்றுள் மழையின்மையால் தவறியவை எவை, கவனமின்மையால் தவறியவை எவை?

3. பஞ்சாயத்தார் கூட்டங்களுக்கு ஒவ்வொருவரும் எத்தனை முறை நேரில் வந்தனர்?

4. சங்கத்தின் மூலம் விற்கும் விளைபொருளின் தரத்தைக் காக்க என்ன ஏற்பாடு செய்யலாம்? அதனை மேற்பார்வையிடும் பொறுப்பை யார் ஏற்பர்?

5. அங்கத்தினர் தம் வயலில் வேலை செய்யும் ஆட்களுக்குக் கூலியை உரிய காலத்தில் உரிய அளவில் கொடுக்கின்றனரா?